பையிலேயே இருந்துவிட்ட சீட்டு

(சிங்கப்பெருமாள் கோயிலில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர் நலம்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. சத்துணவு, கண் கண்ணாடி, வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகலாம். அவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசப் போகிறேன். பிறவியிலேயே இதயக் கோளாறோடு பிறந்து, நம் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தைகளைப் பற்றியும் அவர்களுடைய வீட்டாரைப் பற்றியும். வீட்டாரைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

நான் மருத்துவர் இல்லை. அறிவியல் ஆசிரியை. இருபது வருடமாகக் கரும்பலகையில் இதயம் வரைகிறேன். நான்கு அறை, இடப்பக்கம் சிவப்புச் சுண்ணக்கட்டி, வலப்பக்கம் நீலம். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அப்படி வரைந்துகொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை நான் பார்க்கவில்லை. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2006-07 கல்வியாண்டு. இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். வயதுக்கு மிகச் சிறிய உருவம். விளையாட்டுப் பாட வேளையில் நாலு அடி ஓடுவான், உடனே மைதானத்தின் நடுவிலேயே குந்தி உட்கார்ந்துகொள்வான். மற்ற பையன்கள் "கோழி" என்று கேலி செய்வார்கள். நானும் "சோம்பேறி" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அவன் உதடு கருநீலமாக இருந்தது. நாவல்பழக் காலம் அது. பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு நாவல் மரம் வேறு. "பாட வேளையில என்னடா தின்ன? போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வா" என்று வெளியே அனுப்பினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. போய்க் கொப்பளித்துவிட்டு வந்து நின்றான். உதடு அப்படியேதான் இருந்தது. நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒரு பழைய மருத்துவமனைச் சீட்டை எடுத்து வந்து காட்டினார். இரண்டு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்குப் படித்துச் சொல்ல அதுவரை யாரும் இல்லை. "வளந்தா சரியாயிடும்னு வீட்ல பெரியவங்க சொன்னாங்க டீச்சர். பணமும் லட்சக்கணக்குல ஆகும்னாங்க" என்றார். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே அவன் இறந்துவிட்டான்.

2008-இல் தமிழ்நாடு அரசு சிறுவர்களுக்கான இலவச இருதய அறுவை சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2009-இல் காப்பீட்டுத் திட்டமும் வந்தது. ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பிறகு வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வந்திருந்தாலும் அவன் வீடு வரைக்கும் அது போயிருக்குமா? கொப்பளித்துவிட்டு வா என்று அனுப்பிய நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேனா?

அவனுக்கு இருந்த கோளாறில், வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகலாக இருக்கும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் துளையும் இருக்கும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் அந்தத் துளை வழியாகப் போய் உடம்புக்கு அனுப்பப்படும் ரத்தத்தோடு கலந்துவிடும். அதனால்தான் உதடும் நகமும் நீலம். குந்தி உட்கார்ந்தால் காலில் உள்ள ரத்தக் குழாய்கள் மடங்கி அழுந்தி, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் போகும். அந்தப் பையன் எந்த மருத்துவரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் அது. அதைத்தான் நாங்கள் கேலி செய்தோம்.

இந்த நீலக் குழந்தைகளுக்கு முதன்முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் ஹெலன் டாசிக் என்ற அமெரிக்க மருத்துவர். நம் போன்றவர்கள் அவரை அறிந்திருக்க வேண்டும். சிறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவர் அவர். இன்று நாம் கற்றல் குறைபாடு என்கிறோமே, அது. பிறகு காது கேட்கும் திறனும் குறைந்துபோனது. இதயத் துடிப்பைக் காதால் கேட்க முடியாததால் குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்தே உணர்ந்தார். அவர் யோசனையின்படி 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரில் ஆல்பிரட் பிளாலாக் ஒரு பெண் குழந்தைக்கு அறுவை செய்தார். அந்த முறையை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்துப் பழகியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். அறுவை முடியும்வரை பிளாலாக்கின் பின்னால் நின்று வழிகாட்டினார். வகுப்பில் இதயம் நடத்தும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எத்தனை குழந்தைகளுக்கு இப்படி இருக்கும்? உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு ஏதாவதொரு பிறவி இதயக் கோளாறு இருக்கிறது என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு. எல்லாம் ஆபத்தானவை அல்ல. கீழறைச் சுவரில் இருக்கும் சிறு துளைகளில் பல தானாகவே மூடிவிடும். அதனால்தான் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. அது பாதி உண்மை. எது மூடும், எது மூடாது என்பதை எக்கோ பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். பெரிய துளையை அப்படியே விட்டால் அளவுக்கு மீறிய ரத்தம் பாய்ந்து நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப்போகும். ஒரு கட்டத்துக்கு மேல் துளையை அடைப்பதே உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் கைவிட வேண்டிய நிலை வரும். காலம் தாழ்த்துவதற்கு இங்கே விலை உண்டு.

எல்லாக் குழந்தையும் நீலமாகவும் இருக்காது. மேலறைச் சுவரில் துளை உள்ள குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடிக்கடி சளி, நெஞ்சடைப்பு. எடை ஏறாது. மாடிப்படி ஏறினால் மற்றவர்களைவிட முன்னதாக மூச்சு வாங்கும். அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒரு மாணவியைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பிறகு புரியும்.

2023-24. எங்கள் பள்ளி ஆறாம் வகுப்பு. ஆர்.பி.எஸ்.கே. வண்டி வந்தது. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கான மருத்துவப் பரிசோதனைத் திட்டம், 2013 முதல் நடப்பது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, நமக்கு ஒரு முறை வருவார்கள். அன்றைக்கு நம்மில் பலர் என்ன செய்வோம்? வரிசையை ஒழுங்குபடுத்துவோம், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம், வண்டி போனதும் விட்ட பாடத்தைப் பிடிப்போம். நானும் அப்படித்தான். ஆனால் அன்று மருத்துவர் அந்தப் பெண்ணின் முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மற்ற பிள்ளைகளுக்கு எடுத்ததைவிட நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எக்கோ எடுக்க வேண்டும். "அம்மாகிட்ட குடு" என்று நான் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து, மழையில் நனைந்த புத்தகங்களை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பையின் அடியிலிருந்து அந்தச் சீட்டு மடிந்துபோய் வந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. செங்கல்பட்டு இங்கிருந்து எவ்வளவு தூரம்? ரயில் ஏறினால் சில நிமிடம். இலவச மருத்துவமனை. என்ன பெற்றோர் இவர்கள்! அந்தக் கோபத்தோடுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா ஒரு நிறுவனத்தில் துப்புரவுப் பணி. ஒப்பந்ததாரர் வழியாக. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை, இரண்டு நாள் சொல்லாமல் நின்றால் இடத்துக்கு வேறு ஆள். அப்பா ஒரகடம் பக்கம் லாரியில் சுமை ஏற்றுபவர். சீட்டை அவள் அன்றே காட்டியிருக்கிறாள். அம்மா படித்தும் பார்த்திருக்கிறார். "இதயம்னு இருந்துச்சு டீச்சர். பாத்ததும் பையிலயே வெச்சிடுன்னுட்டேன். எடுத்துப் பாக்கவே பயமா இருந்துச்சு" என்றார். பாட்டி உள்ளேயிருந்து, நரசிம்மரை வேண்டியிருக்கிறோம், ஒன்பது வாரம் மலையைச் சுற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார். நம் ஊரில் மலையிலேயே குடைந்த சன்னதி, சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தானே சுற்ற வேண்டும். நான் அதை எதிர்த்துப் பேசவில்லை. அறிவியல் ஆசிரியை என்பதற்காக எல்லா இடத்திலும் பாடம் நடத்த வேண்டியதில்லை. "சுத்துங்கம்மா. செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டுக்கும் போயிட்டு வந்துடலாம். ரெண்டும் நடக்கட்டும்" என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்து, சரி என்றார்.

எக்கோவில் மேலறைச் சுவரில் பெரிய துளை. சில குழந்தைகளுக்குத் தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாகச் சிறு மூடி போன்ற கருவியைக் கொண்டுபோய் வைத்து அடைத்துவிடுவார்கள். இவளுக்குத் துளை இருந்த இடத்துக்கு அது பொருந்தாது. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று சென்னைக்கு அனுப்பினார்கள்.

இனிமேல்தான் நான் கற்றுக்கொண்டது. அறுவைக்குப் பணம் எங்கே போவது என்பதுதான் பெரிய பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிறவி இதயக் கோளாறு அறுவையும் அதில் அடக்கம். அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். பணம் அரசிடம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில்தான் பெரிய துளை இருக்கிறது.

முதல் துளை, குடும்ப அட்டை. ஸ்மார்ட் கார்டில் அப்பா, அம்மா, பாட்டி பெயர் இருந்தது. இவள் பெயரும் தம்பி பெயரும் இல்லை. பிறந்தபோது சேர்க்க விட்டுப்போனது. குடும்ப அட்டையில் பெயர் இல்லாத குழந்தை காப்பீட்டிலும் இருக்காது. சேர்க்கப் போனால் ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் இன்னொரு மாதிரி. நம் எமிஸில் மூன்றாவது மாதிரி! அதைத் தட்டச்சு செய்தது சாட்சாத் நான்தான். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டுப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. படித்து அரசு வேலை பார்க்கும் எனக்கே இ-சேவை மையத்தில் தலை சுற்றியது.

நண்பர்களே, இந்த வேலை நமக்கு வரும். படிப்புச் சான்று எழுதத் தெரியும், விண்ணப்பம் நிரப்பத் தெரியும், எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்று ஓரளவு தெரியும். என்னோடு பணிபுரியும் சார் ஒருவர் இரண்டு சாயங்காலம் அந்த அப்பாவோடு போய் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அவர் செலவு செய்தது இரண்டு தேநீர். காப்பீட்டுச் சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. எண்ணை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசவைக்க வேண்டும். பயந்தவர்களுக்குப் போனில் "ஒன்றை அழுத்தவும்" என்று குரல் வந்தாலே கை நடுங்கும்.

சில நல்ல உள்ளங்கள் வேறொரு யோசனை சொன்னார்கள். அவள் படத்தைப் போட்டு வாட்ஸப்பில் நிதி திரட்டலாம் என்று. நான் மறுத்தேன். அறுவைக்குத் தேவையில்லாத பணம் அது. வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுப்போன கூலிக்கும்தான் அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. அதை நாங்கள் ஆசிரியர்கள் அறைக்குள்ளேயே, ஒருவருக்கும் தெரியாமல், உறையில் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஒரு குழந்தையின் முகம் எத்தனை போன்களுக்குப் போகும், எத்தனை வருடம் அங்கேயே கிடக்கும் என்பது நம் கையில் இல்லை.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அறுவைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அவள் பெயரைச் சொல்லி, இதய அறுவைக்குப் போகிறாள், எல்லோரும் ஒரு நிமிடம் பிரார்த்தனை செய்வோம் என்றேன். முந்நூறு பிள்ளைகள் கண்ணை மூடி நின்றார்கள். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. மறுநாள் அந்த அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "ஏன் டீச்சர் எல்லார்கிட்டயும் சொன்னீங்க? அவ பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகவேண்டியவ. தெருவுல எல்லாரும் நெஞ்சுல ஓட்டையாமேன்னு கேக்கறாங்க" என்றார். அந்தத் தெரு நினைப்பது தவறு என்று நான் சொல்லியிருக்கலாம். நல்லபடியாக அறுவை செய்துகொண்ட பெண்களில் மிகப் பலர் மற்றவர்களைப் போலவே மணம் முடித்துப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செய்தி என்னுடையது இல்லை. அவர்களுடையது. யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவர்களுடைய உரிமை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டதால் சொன்னது திரும்பி வந்துவிடவில்லை.

அந்த அம்மாவுக்குள் இன்னொன்றும் இருந்தது. வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாராம். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று மாமியார் வீட்டில் பதினோரு வருடமாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். இங்கே அறிவியல் ஆசிரியை வாயைத் திறக்க வேண்டும், திறந்தேன். கருவில் இதயம் ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே சரியாகத் தெரியாத காலம் அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. நெருங்கிய உறவில் திருமணம், தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை நோய், கருவின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் அம்மை வருவது, இவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, வாட்ஸப் வதந்தியைப் பார்த்துப் பெற்றோர் வாசலில் நின்று தடுத்தார்களே, அது எதற்கு என்று அன்றைக்கு நான் இந்த வகையில் விளக்கியிருக்கவில்லை. நாளை இந்தப் பெண் பிள்ளைகள் தாயாகும்போது அவர்கள் குழந்தையின் இதயத்தையும் கண்ணையும் காதையும் காப்பதற்கான ஊசி அது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க மேல தப்பு இல்லம்மா" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அவர் நம்பியது வேறொருவரை.

மறைமலைநகர் பக்கம் உள்ள ஒரு பள்ளியில் பணிபுரியும் தோழி, தன் மாணவன் ஒருவனுக்கு இரண்டு வருடம் முன்பு இதய அறுவை நடந்ததாகச் சொல்லியிருந்தார். இந்தமுறை புத்தி வந்திருந்தது. முதலில் தோழி வழியாக அந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டேன். பிறகு இவரிடம் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில், நடைமேடை சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த அம்மா பெரிய ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஐ.சி.யு.வுல மூக்கு, வாய், நெஞ்சு எல்லாத்துலயும் குழாய் இருக்கும். பாத்ததும் பயந்துடாதீங்க, ஒவ்வொண்ணா எடுத்துடுவாங்க. வாயில குழாய் இருக்கறப்ப பேச முடியாது, அதை முன்னாடியே புள்ளகிட்ட சொல்லி வைங்க. கூட ஒருத்தரத்தான் விடுவாங்க. சொம்பு, தட்டு, போர்வை, ஒரு நீளமான சார்ஜர் வயர் எடுத்துக்குங்க. எல்லாச் சீட்டும் ரெண்டு ஜெராக்ஸ். ரத்தம் குடுக்க ஆள் கேட்டாலும் கேப்பாங்க, சொந்தக்காரங்களுக்கு இப்பவே சொல்லி வைங்க." இப்படியே போயிற்று. செங்கல்பட்டு வண்டி ஒன்று வந்து போனது. கடற்கரை வண்டியும் போனது. பிறகு அவர் தன் போனில் மகன் கபடி விளையாடும் வீடியோவைக் காட்டினார். இவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் என்ன கேட்டார் என்று தெரியவில்லை. அந்த அம்மா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "எனக்கும்தான் சொன்னாங்க. நான் கிரகணத்தன்னிக்கு வெளியவே வரல. அப்புறம் ஏன் என் புள்ளைக்கு வந்துச்சாம்?"

நான் எட்டு வாரக் கணக்கையெல்லாம் சொல்லியும் நடக்காதது அந்தப் பெஞ்சில் நடந்தது. இவர் சிரித்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அது மருத்துவர்களின் வேலை, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ரத்தம் கொடுக்க எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் நான்கு பேர் போனார்கள். ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் நாங்கள் கவனிக்கத் தவறவிருந்த ஒருவன், தம்பி. மூன்றாம் வகுப்பு. அம்மா மருத்துவமனையில், அப்பா வேலையில், பாட்டிக்குக் கண் சரியில்லை. பையன் தலை வாராமல், நேரம் கழித்து வருவான். வகுப்பாசிரியை முதலில் அதட்டினாராம், பிறகு விஷயம் தெரிந்து என்னிடம் வந்து கண் கலங்கினார். நல்லவேளை, காலை உணவுத் திட்டம் இருந்தது. தினமும் காலை முதல் ஆளாக அவனை உட்கார வைப்பது என்று சமையல் அம்மா தாமே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் அவன் என்னிடம், "அக்காவுக்கு மட்டும்தான் டீச்சர் ஓட்டையா, எனக்கும் இருக்கா?" என்று கேட்டான். எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தானோ. ஆர்.பி.எஸ்.கே. மருத்துவரிடம் சொல்லி அவனையும் பார்க்கச் சொன்னோம். ஒன்றும் இல்லை.

அவள் திரும்பி வந்தபின் செய்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்செலும்பு கூடும் வரை ஏறக்குறைய மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துக்கொண்டாள், தரைத்தளத்துக்கு வகுப்பை மாற்றினோம். விளையாட்டு விஷயத்தில் நம்மிடம் இரண்டு தவறு உண்டு. தெரியாதபோது ஓடச் சொல்லி விரட்டுவது, தெரிந்தபின் வாழ்நாள் முழுக்க மரத்தடியில் உட்காரவைப்பது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் மருத்துவரிடமே எழுதி வாங்கிவரச் சொன்னார். எது செய்யலாம், எப்போதிலிருந்து செய்யலாம் என்று. அதுதான் சரி. இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பல் சுத்தம் மிக முக்கியம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் தங்கிவிடலாம். உள்ளடங்கிய கல்விச் சிறப்பாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும். உங்கள் பட்டியலில் உள்ளவர்களுக்கு எக்கோ எடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மேல்நிலைப் பள்ளி நண்பர்களுக்கு ஒன்று. முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது வேறு நோய், பிறவியில் வருவதல்ல. கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணிலிருந்து வருவது. அந்தப் பிள்ளைகள் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளப் போவார்கள். "மாசாமாசம் என்ன லீவு?" என்று கேட்காதீர்கள். தவறவிட்ட ஊசியால் வால்வு மேலும் கெடும்.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

இப்போது நாங்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆர்.பி.எஸ்.கே. சீட்டு யாருக்குக் கொடுத்தார்கள், போனார்களா, அடுத்து எப்போது என்று. அந்த நோட்டு தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கிறது, எல்லோரும் புரட்டிப் பார்க்க முடியாது. இந்த வருடம் அதில் இதயம் என்று இரண்டு பெயர். ஒரு குழந்தைக்கு எக்கோ எடுத்தாயிற்று, சிறு துளை, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். இன்னொன்று இரண்டாம் வகுப்பு. பீகாரிலிருந்து வந்து இங்கே தொழிற்சாலைப் பக்கம் தங்கியிருக்கும் குடும்பம். பெரிய துளை. அவர்கள் ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை இருக்கிறது, அது இங்கே பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலும் செல்லும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த அம்மா வாயே திறப்பதில்லை. எனக்குத் தெரிந்த இந்தி "பானி", "கானா" இரண்டு சொல்தான். ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார ஒருவர் வேண்டும். உங்கள் பள்ளியில் இந்தி பேசும் குடும்பத்தில், குழந்தைக்கு இதய அறுவை செய்துகொண்ட யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். சம்மதித்தால் எனக்குச் சொல்லுங்கள். தேநீர் இடைவேளையில் நான் வாசல் பக்கம்தான் நிற்பேன்.